கும்பிடுவதற்கென்று ஓர் ஆள்

குருவனஹள்ளி மாதேஷுக்கு நிலம் இருந்தது. ஓட்டு வீடு இருந்தது. வயது ஐம்பதைக் கடந்திருந்தது. முதுகு மட்டும் இன்னும் யாருக்கு வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும் பக்குவத்திலேயே இருந்தது. கடத்தூர்ச் சாலையில் அரசு முத்திரையிட்ட ஜீப் ஒன்று எதிரே வந்தால், உள்ளே அதிகாரி இருக்கிறாரா, ஓட்டுநர் மட்டும் டீசல் போட்டுத் திரும்புகிறாரா என்று பார்க்கும் பொறுமை அவனுக்கு இருந்ததில்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி இறங்கி, தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு மாற்றி, வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்வரை கைகூப்பி நிற்பான். ஒருமுறை அவன் அவ்வாறு வணங்கி வழியனுப்பியது மாட்டுத் தீவன மூட்டை ஏற்றிச் சென்ற வண்டி என்பது பிறகு தெரியவந்தது. அதற்காக அவன் வருந்தவில்லை.

வணக்கத்தில் அவனுக்குத் தராதரம் உண்டு. கிராம நிர்வாக அலுவலருக்கு மார்போடு நின்றுவிடும் கை, வருவாய் ஆய்வாளருக்கு மோவாய்வரை உயரும்; வட்டாட்சியருக்கு நெற்றியைத் தொடும். கூட்டுறவு வங்கிச் செயலாளரின் அறைக்குள் நுழைந்தால், தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுபவனைப் போல இடுப்பை வளைத்துக்கொண்டே மேசைவரை போவான். அச்செயலாளர் புதிதாக வந்திருந்த நாளில், தாமும் குனிந்து மேசைக்கடியில் பார்த்து, "என்னங்க விழுந்துச்சு?" என்று கேட்டாராம். கட்சிக்காரர் என்றால் இந்த அளவுகள் எவையும் செல்லா, நெடுஞ்சாண்கிடைதான்.

இதனை அவன் ஒரு திறமை என்றே எண்ணியிருந்தான். பெண் பார்க்கப் போன வீடுகளில் பெண்ணின் தகப்பனார்க்கு முன் அவன் குனிந்த குனிவைக் கண்டே அவர்கள் பின்வாங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எப்படியோ மணம் அமையவில்லை. அண்ணன் மாது உயிரோடிருந்த காலத்தில், "போய்க் கும்புட்டுட்டுச் சுருக்கா வா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்பதற்கு மேல் தம்பியிடம் ஒன்றும் சொன்னதில்லை.

மாது இறந்தபின், பாகம் பிரியாத அந்த நிலத்தையும் அதிலிருந்த வெற்றிலைக் கொடிக்காலையும் நடத்தி வந்தவர் அவர் மனைவி கண்ணம்மாள். வரிசை வரிசையாக நின்ற அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறியிருந்த கொடிகள் அவை. வெற்றிலைக்குப் பசி கிடையாது. தாகம் மட்டுமே உண்டு. கோடையில் நீர் சிறிது தவறினால் இலை சுணங்கும். மேலும் தவறினால் தளிர் கருகும். அதற்கும் மேல் தவறினால் கொடியை அறுத்துப்போட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். கண்ணம்மாளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. தேடும் எண்ணமும் இல்லை.

நீர் வந்தது ஒரு கூட்டுக் கிணற்றிலிருந்து. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் பங்காளி சந்திரமோகனின் முறை. மாமனார் காலத்து ஏற்பாடு அது. மாதேஷுக்குத் தம்பி முறையான சந்திரமோகன் சொந்தமாக இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் வைத்திருந்தான். பழைய கிணற்றில் தன் முறை வருகிறதா போகிறதா என்று அவன் கவனித்துப் பல ஆண்டுகள் ஆயின. அவனுக்குக் கட்சியில் ஒன்றியச் செயலாளர் பதவி வந்ததே கிணற்றுக்கு வந்த கேடு.

பதவி வந்த மறுநாள், கழுத்தில் சால்வையும் பின்னால் பத்துப்பன்னிரண்டு பேருமாக அவன் ஊரைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் எழுந்து நின்றார்கள், வணங்கினார்கள். கொடிக்கால் வரப்பில் வந்து நின்றபோது கண்ணம்மாள் உள்ளே இலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பதவி வந்திருக்குதுங்க."

"கேள்விப்பட்டன் தம்பி. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. கொடிக்காலுக்குள்ள செருப்போட வரக்கூடாது."

அவர் திரும்பவில்லை. கிள்ளிய இலையை மடியில் போட்டுவிட்டு அடுத்த கொடிக்குப் போனார். புது வெள்ளைச் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி சந்திரமோகன் வரப்பிலேயே சிறிது நேரம் நின்றான். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது சிரிப்பாகவும் இருக்கலாம். நடந்தது அவ்வளவே. அடுத்த வாரமே அவன் ஊர்க்கூட்டத்தைக் கூட்டி, கிணறு வெட்டப்பட்ட மண் தன் பட்டாவில் இருக்கிறது, ஆகவே கிணறு முழுவதும் தனக்கே உரியது என்று வழக்கு வைத்தான்.

ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் எதையும் தீர்க்கத் துணியாதவர். கேட்டவர் எல்லார்க்கும் தலையசைத்து, வழக்கை ஒரு கூட்டத்திலிருந்து மறு கூட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார். அவரும் என்ன செய்வார்; அவ்வூரில் வழக்குத் தீர்வதற்கென்று வேறொரு வழி இருந்தது. இருவரில் ஒருவன் நாலு பேர் பார்க்க மற்றவன் காலில் விழ வேண்டும். மற்றவன் அவனை இரு தோள்களையும் பற்றித் தூக்கி, "போனது போவுது" என்று சொல்ல வேண்டும். அச்சொல்லோடு விழுந்தவன் தோற்றான்; வழக்கு முடிந்தது. அவ்வாறு முடிந்ததை மீண்டும் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனவன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டுச் சாவுக்குத் தோள்கொடுக்க ஊரில் ஆள் வரவில்லை.

ஆகையால் கண்ணம்மாள் கொழுந்தனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்.

"மாதேசு, ஊர்ல யார் கால்ல வேணும்னாலும் விழு. அவன் கால்ல மட்டும் விழுந்து வெக்காத."

"நானுங்களா அண்ணி? அவன் கால்லயா? அவன் எனக்கு எளையவனுங்க."

இளையவன் என்பதால் மட்டும் அன்று. மாதேஷுக்குக் கட்சியின் கிளைச் செயலாளர் பதவி மேல் கண் இருந்தது. வழக்கில் எதிரியான ஒன்றியச் செயலாளர் அதைத் தரப்போவதில்லை. எனவே அவனையும் தாண்டி, மாவட்டத் தலைவரின் காலைப் பிடித்துவிடுவது என்று அவன் தீர்மானித்திருந்தான். அதற்கு வாய்ப்பும் வந்தது. ஊர் முகப்பில் கட்டவிருந்த சமுதாயக் கூடத்தின் பூமி பூசைக்கு மாவட்டத் தலைவர் வருவதாக அறிவித்தார்கள்.

தலைவர் எப்போதும் வெள்ளைத் தோல் செருப்பே அணிவார் என்பது மாவட்டம் அறிந்த செய்தி. மாதேஷுக்கு அந்தச் செய்தி போதும். முகம் அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை. முகத்தைப் பார்த்து வணங்குகிறவன் தாமதித்துவிடுகிறான் என்பது அவனுடைய கொள்கை. பிறர் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவன் காலைப் பிடித்திருப்பான். கார்க் கதவு திறந்து, செருப்பு தரையைத் தொடுவதற்குள் கையில் ஏந்திவிட வேண்டும். தூக்கிவிடும்வரை விடக் கூடாது. விழும்போதே வாசகத்தையும் தொடங்கிவிட வேண்டும். முன்தினம் மாட்டுக் கொட்டகையில் அவன் இதனை ஒத்திகை பார்த்ததைக் கண்ட கண்ணம்மாள், மாடு உதைத்துக் கீழே தள்ளிவிட்டதென்று எண்ணி ஓடிவந்தார். விவரம் தெரிந்ததும் சாணத்தை அள்ளிக்கொண்டு போனார்.

பூசையன்று ஊர் முழுவதும் சாலையோரம் திரண்டிருந்தது. பம்பை முழங்கியது. பெரியண்ணன் மாலையோடு நின்றார். கடத்தூரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் அருண்குமார் செல்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நின்றான். மாதேஷ் சலவை வேட்டியோடு, ஓட்டப் பந்தயக்காரனைப் போல ஒரு காலை முன்வைத்துக் காத்திருந்தான்.

அவன் அறியாதது ஒன்றுதான். கடத்தூர்ப் பேருந்து நிலையத்தில் தலைவரின் காரை மறித்து, தலைவரோடு ஒரே காரில் வந்து இறங்கினான் என்று ஊரார் சொல்ல வேண்டுமே என்பதற்காக, சந்திரமோகன் அதில் தொற்றி ஏறியிருந்தான். கடைசியாக ஏறியவன் கதவோரம் அமர்ந்திருந்தான்; ஆகவே முதலில் இறங்கினான். வெள்ளைச் செருப்பும் அவன் தலைவரைப் பார்த்து வாங்கிக்கொண்டதுதான். நடையையும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைக்கும் பழக்கத்தையும் அவ்வாறே வாங்கிக்கொண்டிருந்தான். சொந்தமாக அவனிடம் இருந்தது தொப்பை மட்டுமே.

கதவு திறந்தது. வெள்ளைச் செருப்பு வெளியே நீண்டது. மாதேஷ் விழுந்தான்.

"தலைவரே, எங்க குலமே உங்க காலடிதானுங்க. எங்களக் கை விட்டுறாதீங்க." நெற்றியைச் செருப்பின்மேல் வைத்து, இரு கணுக்கால்களையும் இறுகப் பற்றிக்கொண்டான்.

பம்பை நின்றது. தலைக்கு மேலே ஒரு சிறு தயக்கம். பிறகு இரண்டு கைகள் அவன் தோள்களைப் பற்றின.

"எந்திரிங்கண்ணா. போனது போவுது."

குரல் யாருடையது என்பது மாதேஷுக்குப் புரிந்தபோது அவன் பாதி எழுந்திருந்தான். சந்திரமோகன் தன் வாழ்நாளில் விரைவாகச் செய்த காரியம் அந்தச் சொல்லைச் சொன்னது ஒன்றே. அதற்குள் மறுபக்கக் கதவால் இறங்கிச் சுற்றிவந்த தலைவர் கேட்டார்:

"என்னப்பா விசயம்?"

"ஒண்ணுமில்லீங்க தலைவரே. நம்ம பங்காளிதான். கெணத்து வழக்கு ஒண்ணு இருந்துச்சு. உங்க முன்னாலியே முடிச்சிக்கலாம்னு அண்ணன் விழுந்துட்டாரு."

"நல்லது, நல்லது. இப்பிடித்தான் ஒத்துமையா இருக்கணும்." தலைவர் வழியில் தமக்குப் போட்டிருந்த சால்வைகளில் ஒன்றை உருவி மாதேஷின் தோளில் போட்டார். "அப்பிடித்தான?"

தவறி விழுந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்தது. அதை யாரும் மன்னித்துவிடலாம். "இல்லை, ஆள் மாறி விழுந்துவிட்டேன்" என்று சொல்ல அதன்பின் அவனுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. ஊர் காத்திருந்தது, பெரியண்ணன் மாலையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும், வழக்குப் பிழைத்திருக்கும். மாதேஷ் தலைவரின் முகத்தை அன்றுதான் முதன்முதலாக அருகில் பார்த்தான். அம்முகம் மகிழ்ச்சியாக இருந்தது. அதைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க தலைவரே" என்று சொல்லி, இம்முறை சரியான காலில் இன்னொரு தடவை விழுந்தான்.

அவன் வீடு வந்து சேர்வதற்குள் அருண்குமார் எடுத்த படம் ஊரிலிருந்த எல்லாச் செல்பேசிகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கண்ணம்மாள் வாசலில் அமர்ந்து, இலைகளை நூறு நூறாக எண்ணிக் கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சால்வ நல்லா இருக்குது" என்றார்.

"அண்ணி, ஆளு மாறிப்போச்சுங்க."

"காலு மாறிப்போச்சுன்னு சொல்லு. ஆள எங்க நீ பாக்கற?"

"செருப்பு ஒரே மாதிரி இருந்துச்சுங்க."

"சரி, விழுந்த. எந்திரிச்சுமா உனக்குக் கண்ணு தெரியல? அப்பறம் என்னாத்துக்கு ஆமாம்னு தலையாட்டுன?"

மாதேஷ் சால்வையின் குஞ்சத்தைத் திருகினான். "தலைவரு சந்தோசமா இருந்தாருங்க. அந்த நேரத்துல போயி எப்பிடிங்க இல்லன்றது?"

"கொடி காஞ்சா அவரு வந்து ஊத்துவாரா?"

"பதவி வந்துச்சுன்னா எல்லாம் சரியாப்போயிடுமுங்க அண்ணி. எம்பேர நல்லா ஞாபகம் வெச்சிக்குவாருங்க."

"உம்பேர எப்பிடி ஞாபகம் வெப்பாரு? உன் முதுகதான பாத்தாரு."

மறுநாள் இவர்கள் முறை. கண்ணம்மாள் மோட்டார் அறைக்குப் போனபோது கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது.

அவர் நேரே பெரியண்ணன் வீட்டுக்குப் போனார். ஊர்க்கவுண்டர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். பேச்சு நீளாமல் இருப்பதற்கு அவர் கையாளும் வழி அது.

"அண்ணா, விழுந்தது மாதேசு. நான் விழலிங்களே."

"பொம்பள விழறதும் நிக்கறதும் ஊர்க் கணக்குல வராதும்மா. வூட்டு ஆம்பள விழுந்தா வூடே விழுந்த மாதிரி."

"அவன் தப்பா விழுந்தான்னு உங்களுக்கே தெரியும். மால வெச்சிக்கிட்டு அங்கதான நின்னீங்க?"

"தெரியும். ஆனா அவனே ஆமாம்னுட்டானே. நான் என்ன பண்ணட்டும்?" பெரியண்ணன் குரலைத் தணித்தார். "சந்திரமோகன் கெட்டவன் இல்லம்மா. நீ ஒரு வார்த்த, ஒரு கும்புடு போட்டன்னா எளகிருவான். எங்க தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் அப்பிடித்தான் வந்துச்சு. கைய கூப்புனா தேஞ்சா போவுது?"

அவருடைய கை தேய்ந்துதான் போயிருந்தது என்பதைக் கண்ணம்மாள் சொல்லவில்லை. வந்த வழியே திரும்பினார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. முதலில் இலையின் பளபளப்புப் போயிற்று. பின் ஓரங்கள் சுருண்டன. ஒரு டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தார். வெடித்திருந்த மண் அதை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. குடத்தில் சுமந்துவந்து தளிர்க் கொடிகளுக்கு மட்டும் ஊற்றினார். கடத்தூர்ச் சந்தையில் வழக்கமாக வாங்கும் வியாபாரி கவுளியைப் பிரித்து ஓர் இலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கொடிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கேட்பதற்கு இலையும் இராது என்பது அவருக்கும் தெரியும், கண்ணம்மாளுக்கும் தெரியும்.

இத்தனை நாளும் மாதேஷ் குடம் சுமந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணி ஏவிய வேலையை அவன் மறுத்ததே இல்லை. மறுக்கும் பழக்கம்தான் அவனுக்கு எவரிடத்தும் இல்லையே.

தளிர்கள் தலை தொங்கிய நாள் காலையில் கண்ணம்மாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனார். பூட்டில் முதல் அடி விழுந்த ஓசை கேட்டுச் சுற்றியிருந்த நிலங்களில் வேலை செய்தவர்கள் வந்து நின்றார்கள். சிறிது நேரத்தில் சந்திரமோகனின் காரும் வந்தது. பெரியண்ணனையும் ஏற்றி வந்திருந்தான். அருண்குமார் எங்கிருந்து முளைத்தானோ, செல்பேசியோடு அங்கே இருந்தான்.

"அண்ணி, கடப்பாரையக் கீழ வைங்க. கைல கால்ல பட்டுறப்போவுது."

"பட்டா என் கையிதான. நீ தள்ளி நில்லு தம்பி."

"நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு இந்தத் தண்ணி வேணாம். ரெண்டு போர் ஓடுது எனக்கு."

கண்ணம்மாள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். "வேணாங்கற தண்ணிக்குப் பூட்டு எதுக்கு?"

"ஒரு மரியாதைக்குத்தானுங்க."

"மரியாதைன்னா என்னா?"

சந்திரமோகன் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆயினும் கேட்டான். "நாலு பேரு முன்னால ஒரு கும்புடு. வுழ வேணாம், குனிய வேணாம். சும்மா கையத் தூக்கிக் காட்டுனாப் போதும். இப்பவே சாவியக் குடுத்துடறன். பழையபடி மொறைக்கு மொறை எடுத்துக்கங்க."

"பெரிய மனசு" என்றார் பெரியண்ணன்.

கண்ணம்மாள் வெற்றிலைச் சாறு ஏறிக் கருத்திருந்த தம் கைகளைப் பார்த்தார். அக்கைகள் கூப்பியறியாதவை அல்ல. மாரியம்மனுக்குக் கூப்பியிருக்கின்றன, கணவரைக் காப்பாற்றச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரி நர்சுக்கும் கூப்பியிருக்கின்றன. இன்னொருமுறை கூப்பினால் ஒன்றும் குறைந்துவிடாது, கொடி பிழைக்கும். இன்று ஒன்று கொடுத்தால் அடுத்த முறைக்கும் ஒன்று கேட்பான் என்பதும் தெரிந்தது. ஆனால் அவரைத் தடுத்தது அந்தக் கணக்கும் அன்று. சந்திரமோகன் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே தட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவனின் முகம் அது. இத்தனை நாளும் இவனை எதிரி என்று நினைத்துத் தூக்கம் கெட்டோமே என்று அவருக்குத் தம்மீதே எரிச்சல் வந்தது. பசித்து வந்தவனுக்கு ஏதாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதற்காகத் தம் தட்டில் இருப்பதையா எடுத்துப் போடுவார்கள்?

"எங்க வூட்டுக் கும்புடுதான உனக்கு வேணும்?"

"ஆமாங்க அண்ணி."

"மொறைக்கு மொறை அனுப்பி வெக்கறன். நம்ம மாதேசு காத்தால வந்து போட்டுட்டுப் போவான். நீ நின்னு வாங்கிக்கறதோ உக்காந்து வாங்கிக்கறதோ உன் இஷ்டம். எங்க வூட்டுல கும்புடறதுக்குன்னே இருக்கற ஆளு அவன்தான். எங்கிட்டக் கும்புடும் இல்ல, அதுக்கு நேரமும் இல்ல."

கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரமோகனுக்கு முகம் சிவந்தது. தன்னை அவமதிக்கிறார் என்பது விளங்காத அளவுக்கு அவன் மூடன் அல்லன். அவன் பூட்டைப் பார்த்தான், கடப்பாரையைப் பார்த்தான், அருண்குமாரின் செல்பேசியைப் பார்த்தான். அவமானம் ஒரே ஒரு தடவைதான். கும்பிடோ ஒருநாள் விட்டு ஒருநாள், ஆண்டு முழுவதும் வரும். அதுவும் தன்னைவிட மூத்தவனிடமிருந்து, நாலு பேர் பார்க்க வரும். அவன் மனத்தில் இந்தப் பெருக்கல் நடந்து முடிந்ததைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கண்கூடாகக் கண்டார்கள்.

"மாதேசண்ணன் ஒத்துக்குவாருங்களா?" என்று கேட்டான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாதேஷ் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான்.

அன்று சாவி கிடைத்தது. மோட்டார் ஓடியது. தலை தொங்கியிருந்த தளிர்களில் பாதி பிழைத்துக்கொண்டன. மீதியைக் கண்ணம்மாள் அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் கொடி நட்டார்.

வழக்கில் சந்திரமோகன் வென்றதாகவே ஊர்க்கூட்டத்தில் சொல்லி முடித்தார்கள். பெரியண்ணன் அதனை நியாயமான தீர்ப்பு என்று இன்றும் பிறருக்கு எடுத்துச் சொல்லி வருகிறார். கிளைச் செயலாளர் பதவி, பூமி பூசையன்று தலைவருக்குக் குடை பிடித்தவனுக்குப் போயிற்று. தன் பெயர் அடுத்த பட்டியலில் இருப்பதாக மாதேஷ் நம்புகிறான்.

முறை நாள்களில் அவன் விடியலிலேயே குளித்துத் திருநீறு பூசிப் புறப்பட்டுவிடுகிறான். மோட்டார் அறையின் முன் சந்திரமோகனுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருக்கிறது. முதல் சில நாள்கள் வேடிக்கை பார்க்க ஆள் வந்தார்கள்; பிறகு வருவதில்லை. வாங்குபவனும் கொடுப்பவனும் மட்டுமே இருக்கிறார்கள். கும்பிடு வாங்காமல் சாவி கொடுத்தால் வழக்கில் தான் வென்றது பொய்யாகிவிடும் என்று சந்திரமோகன் அஞ்சுகிறான். ஆகவே மழையானாலும் காய்ச்சலானாலும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. சென்னையில் கட்சி மாநாடு நடந்தபோது முறை நாள் குறுக்கிட்டது. அவன் மாநாட்டுக்கே ஒரு நாள் பிந்திப் போனான். மாதேஷ் மட்டும் அலுக்கவே இல்லை. சென்ற வாரம், இடக்காலைச் சற்றுப் பின்னிழுத்து விழுந்தால் முழங்காலில் வலி எடுப்பதில்லை என்று சந்திரமோகனுக்கே விளக்கிக் காட்டினான்.

கண்ணம்மாள் அந்தப் பக்கம் வருவதில்லை. மோட்டார் ஓடும் ஓசை கேட்டதும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு இறங்கிவிடுவார். ஒரு வரிசை நனைந்ததும் மடையைக் குனிந்து அடைத்து, அடுத்த வரிசைக்குக் குனிந்து திறந்துவிட வேண்டும். நாற்காலியிலிருந்து பார்த்தால் அகத்தி மரங்களுக்கிடையே ஓர் உருவம் நிமிர்வதும் குனிவதும் தெரியும். அண்மைக் காலமாகச் சந்திரமோகன் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறான். அவர் குனியும் போதெல்லாம், ஏற்றுக்கொண்டவனைப் போல வலக்கையைச் சிறிது உயர்த்துகிறான்.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறார்.